அசையும் சாக்ஸபோனுக்கு எங்கே மைக் வைப்பது?

ஒலிப்பதிவுக்காரர்களுக்கு அசையாமல் நிற்கும் வித்வானைத்தான் பிடிக்கும். மைக்குக்கு முன்னால் வாத்தியம் நாலு விரற்கடை விலகினாலே நாதத்தின் கனம் மாறிவிடும். பிறகு மிக்ஸிங்கில் என்ன செய்தாலும் அந்தக் கனம் திரும்பாது. கோடம்பாக்கத்தில் தொழில் பழகிய காலத்தில் தரையில் டேப் ஒட்டி, “இதைத் தாண்டி வராதீங்க சார்” என்று சொல்வதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை. நியூயார்க் வந்து, குவீன்ஸ் பகுதியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் ஜாஸ் குழுக்களைப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகும் அந்த டேப் சுருள் என் பையில் இருந்தது.

ஜேன் ஐரா ப்ளூம் இந்தப் பழக்கத்துக்கு நேரெதிரான கலைஞர். வளைவில்லாமல் நேராக நீளும் சொப்ரானோ சாக்ஸபோன் அவருடைய வாத்தியம். வாசித்துக்கொண்டே அதன் வாயை மைக்கின் முன்னால் சட்டென்று வீசிக் கடப்பார். சில சமயம் மேலிருந்து கீழே இறக்குவார், சில சமயம் உடம்பையே திருப்புவார். காலால் மிதித்து இயக்கும் மின்னணுக் கருவிகளையும் கூடவே பயன்படுத்துவார். நாசா தன் கலைத்திட்டத்துக்காக இசையமைக்க அழைத்த முதல் இசைக்கலைஞர் இவர். ஒரு சிறுகோளுக்கு இவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அவருடைய ‘சேஸிங் பெயின்ட்’ ஆல்பத்தை 2003இல் அரபெஸ்க் நிறுவனம் வெளியிட்டது. ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் படங்களைப் பார்த்து உருவான இசை. பியானோ ஃப்ரெட் ஹெர்ஷ், டபுள் பேஸ் மார்க் டிரெஸ்ஸர், டிரம்ஸ் பாபி பிரெவிட். முதல்முறை கேட்டபோது இசையைவிட அதிகமாக என் கவனத்தை இழுத்தது சாக்ஸபோன் நிற்கும் இடம். அது ஓரிடத்தில் நிற்கவேயில்லை. ஒரு நீண்ட சுரம் காதருகே வந்து, கடந்து, பின்னால் போய்த் தேய்ந்தது.

இதன் கணக்கு எளியது. வாத்தியம் நம்மை நோக்கி வரும்போது சுருதி இம்மியளவு ஏறும், விலகும்போது இறங்கும். நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வீசினால் ஏற்றம் ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. காது அதை அபஸ்வரமாக எடுத்துக்கொள்ளாது, ஏதோ ஒன்று கடந்துபோனதாகவே உணரும். இன்னொன்றும் உண்டு. சாக்ஸபோனில் அடிச்சுரங்கள்தான் முழுக்க வாய்வழியாக வரும். மற்றவை திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் கசியும். அதனால் குழலைத் திருப்பும்போது ஒலியின் அளவோடு அதன் நிறமும் மாறுகிறது. சாதாரணப் பதிவில் நாங்கள் குழலின் நடுப்பகுதியைக் குறிவைத்து, வாயைச் சற்றே தவிர்த்து மைக் வைப்பது இந்த மாற்றங்களைச் சமன்செய்வதற்காகத்தான். ப்ளூம் அந்த மாற்றங்களையே இசையாக்கிக்கொண்டார்.

இதற்கும் பொல்லாக்குக்கும் உள்ள உறவு கையில் இருக்கிறது. 1945இல் பொல்லாக்கும் அவர் மனைவி, ஓவியர் லீ கிராஸ்னரும் லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் குடியேறினார்கள். வீட்டை ஒட்டிய களஞ்சியக் கொட்டகையில் 1947 முதல் அவர் கித்தானைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் சுற்றிவந்து, வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்டைக் குச்சியிலிருந்தும் இறுகிப்போன தூரிகையிலிருந்தும் சொட்டவிட்டும் வீசியும் வரைந்தார். குச்சி கித்தானைத் தொடுவதில்லை. பெயின்ட் காற்றில் கொஞ்ச தூரம் பயணம்செய்து விழுகிறது. ஆக, நாம் பார்க்கும் கோடு ஒரு கை போன வழியின் பதிவு. கை வேகமாகப் போன இடத்தில் கோடு மெலிந்திருக்கும், தயங்கிய இடத்தில் தடித்துத் திரண்டிருக்கும். ப்ளூம் இந்தப் படங்களின் நிறத்தை இசையாக்க முயலவில்லை, கையின் வீச்சைத் தன் குழலுக்குக் கொண்டுவந்தார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

ஓவியத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இசை நிறைய வருகிறது. அதில் பாதிக்குமேல் தலைப்போடு முடிந்துவிடும். நீலப் படம் என்றால் சோகமாக ஒரு மெட்டு, சிவப்பு என்றால் வேகமாக ஒரு தாளம், அட்டையில் அந்தப் படத்தின் அச்சு. கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் காதுக்குக் கேட்கும் சுரத்துக்கும் எல்லோருக்கும் பொதுவான ஒப்பந்தம் எதுவும் கிடையாது. டேவ் புரூபெக் 1961இல் ‘டைம் ஃபர்தர் அவுட்’ ஆல்பத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தார். அட்டையில் போட்ட ஹ்வான் மீரோவின் ஓவியத்தில் எண்கள் இருக்கின்றன. அந்த எண்களையே தாளக்கட்டாக எடுத்துக்கொண்டு மூன்றில் தொடங்கி ஒன்பதுவரை ஏறினார். நல்ல ஆல்பம்தான். ஆனால் மீரோவின் கை அதில் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு நால்வர் குழு பொல்லாக்கை வைத்து ஓர் ஆல்பம் செய்ய என்னிடம் வந்தது. குழுவின் தலைவி சொப்ரானோ வாசிப்பவர், ப்ளூமின் இசையை ஊன்றிக் கேட்டவர். சின்ன நிறுவனம், சின்ன பட்ஜெட். எழுதிவைத்த ஸ்வரத்தாள் மிகக் குறைவு, மீதியெல்லாம் அந்த நேரத்துக் கற்பனை. ஸ்டூடியோவுக்கு வருமுன் எங்கள் எல்லோரையும் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். ‘ஒன்: நம்பர் 31, 1950’ அங்கே ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஏறக்குறைய 2.7 மீட்டர் உயரம், 5.3 மீட்டர் அகலம். தூரத்திலிருந்து பார்த்தால் கருப்பும் வெள்ளையும் பழுப்பும் சாம்பல் கலந்த நீலப்பச்சையும் பின்னிக்கிடக்கும் ஒரே பரப்பு. கிட்டப்போய் ஓரத்தில் ஒரு கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணால் நடந்தேன். முடி போல மெலிந்து வந்த கருப்புக் கோடு ஓரிடத்தில் மணியாகத் திரண்டு, திரும்பி, வேறொரு வெள்ளைக் கோட்டுக்கு அடியில் நுழைந்து காணாமல் போனது. பூச்சு எதுவும் பூசாத வெறும் கித்தான் என்பதால் சில இடங்களில் பெயின்ட் துணிக்குள் ஊறியிருந்தது. சில இடங்களில் பளபளப்பாகத் தேங்கி, மேலே ஆடை கட்டிச் சுருங்கியிருந்தது. துணிக்குள் இறங்கிய கோடு தூரத்தில் இருப்பதாகத் தோன்றியது. தேங்கி நின்றது கிட்டே இருப்பதாகத் தோன்றியது. ஒலிப்பதிவில் நாங்கள் அன்றாடம் படும் பாடு இதுவேதான். எது கிட்டே, எது தள்ளி.

தலைவி டிரம்ஸ்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி: “இந்தக் கோடு போடும்போது அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார்?”

பிறகு ஸ்பிரிங்ஸுக்கும் போனோம். பொல்லாக், கிராஸ்னர் வாழ்ந்த வீடும் கொட்டகையும் இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. கொட்டகைக்குள் நுழையுமுன் காலில் மெத்தென்ற செருப்பு மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள், ஏனென்றால் அந்தத் தரைமேல்தான் கித்தானுக்கு வெளியே விழுந்த பெயின்ட் எல்லாம் அப்படியே கிடக்கிறது. கித்தான்களின் ஓரத்தைத் தாண்டிப்போன வீச்சுகளின் முடிவு அந்தப் பலகைகளில் இருக்கிறது. ஒரு படம் அதன் சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அந்தத் தரையைப்போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

பதிவுக்கு முதல்நாள் தலைவி சொன்ன நிபந்தனைகள்: நால்வரும் ஒரே அறையில் இருக்க வேண்டும், கண்ணாடி பூத் கூடாது, ஹெட்போன் கூடாது. சினிமாப் பதிவில் வளர்ந்த எனக்கு இதன் விலை தெரியும். ஒரே அறை என்றால் எல்லா மைக்கிலும் எல்லா வாத்தியமும் விழும். டிரம்ஸின் சிம்பல் பியானோ மைக்கில் வரும், சாக்ஸபோன் பேஸ் மைக்கில் வரும். இதை லீக் என்போம். ஸ்டூடியோக்களில் தடுப்புப் பலகையும் தனியறையும் இருப்பதே அந்த லீக்கைத் தடுக்கத்தான். ஆனால் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் கோடம்பாக்கத்தில் ஒருமுறை, வயலின் கோஷ்டிக்கு மைக் வைக்கத் திணறிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “தம்பி, மைக்க அப்புறம் வைக்கலாம். மொதல்ல நீ போய் அங்க நில்லு. எங்க நின்னா கேக்க நல்லாருக்கோ அங்க வையி.” அன்று “சரிண்ணே” என்றேன். அந்த நால்வர் பதிவில்தான் அதை முழுசாகச் செய்தேன்.

அவர்கள் வாசிக்க, அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். நாலு வாத்தியமும் தம் அளவில் நிற்கும் ஓர் இடம் கிடைத்தது. அங்கே இரண்டு ரிப்பன் மைக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றுக்கொன்று செங்கோணமாகத் திருப்பி வைத்தேன். ஸ்டீரியோவுக்காக 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைனின் பெயரால் இந்த முறையைச் சொல்வார்கள். ரிப்பன் மைக் முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும், பக்கவாட்டில் கிட்டத்தட்டச் செவிடு. இரண்டையும் இப்படிச் சேர்த்தால் முன்னால் ஒரு கால்வட்டம் கிடைக்கும். அதற்குள் ஒருவர் இடமிருந்து வலம் நடந்தால், ஒலிபெருக்கிகளுக்கு நடுவே அவர் நடப்பது துல்லியமாகத் தெரியும். பியானோவுக்கும் பேஸுக்கும் பக்கத்தில் தலைக்கு ஒரு மைக் வைத்தேன், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று. சாக்ஸபோனுக்குத் தனி மைக் வைக்கவில்லை. அது அந்தக் கால்வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். தரையில் டேப் ஒட்டவில்லை.

காலணிச் சத்தம் மரத்தரையில் கேட்டது. தலைவி காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வாசித்தார்.

முதல் பகுதியில் பியானோ ஆழமாக ஒரு கூட்டுச்சுரத்தைப் போட்டுவிட்டு ஓய்ந்தது. பேஸ் வில்லால் ஒற்றைச் சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. தலைவி இடப்பக்கக் கோடியில் குனிந்து, குழலைத் தரைக்குத் தாழ்த்தி ஓர் அடிச்சுரத்தைத் தொடங்கினார். மெல்ல நிமிர்ந்து, நடந்து, பாதி வழியில் சட்டென்று குழலை வீசி வலப்பக்கம் திரும்பினார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கால்வட்டத்தைத் தாண்டி, மைக்குகளுக்கு நேர் பக்கவாட்டில் போய் நின்று அதே சுரத்தைத் தொடர்ந்தார். அந்த இடத்தில் நிற்பவரின் ஒலி இரண்டு மைக்கிலும் ஒன்றுக்கொன்று எதிராகப் பதியும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கேட்கும்போது அது இடத்திலும் இல்லாமல் வலத்திலும் இல்லாமல், ஒலிபெருக்கிகளுக்கு வெளியே எங்கோ தொங்குவதுபோல இருக்கும். பாடப்புத்தகத்தில் தவிர்க்கச் சொல்லும் இடம் அது.

கண்ட்ரோல் ரூமில் திரும்பப் போட்டுக் கேட்டோம். பியானோக்காரர் தன்னையறியாமல் விரலால் காற்றில் அந்தக் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனார். சுரம் ஒலிபெருக்கிக்கு வெளியே போன இடத்தில் அவர் விரலும் மேசையின் விளிம்பைத் தாண்டிப் போனது. ஸ்பிரிங்ஸ் தரையில் பார்த்தது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அந்தப் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டோம்.

வெட்டி ஒட்டுவது பற்றிப் பேச்சு வந்தது. இன்றைக்கு ஜாஸ் ஆல்பங்களிலும் ஒரு டேக்கின் தொடக்கத்தையும் இன்னொன்றின் முடிவையும் சேர்ப்பது சகஜம். பிசிறிய ஒரு சுரத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிச் செருகுவதும் சகஜம். ஒரே அறைப் பதிவில் இது நடக்காது. சாக்ஸபோனின் பிசிறை எடுத்தால் பியானோ மைக்குக்குள் அதன் நிழல் நிற்கும். அப்போது பேஸ் வாசித்தவர் ஒரு செய்தி சொன்னார். ‘ஒன்’ படத்தை 2013 வாக்கில் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு வல்லுநர்கள் சுத்தம்செய்தபோது, சில பகுதிகளில் இருந்த பெயின்ட் பொல்லாக்குடையது அல்ல என்று கண்டுபிடித்தார்கள். 1960களில் யாரோ பழுதுபார்க்கிறேன் என்று விரிசல்களின்மேல் பூசியது. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த மேல்பூச்சை எடுத்துவிட்டார்கள். பெயின்ட் வீசி வரைந்த படம்தானே, இன்னும் நாலு துளி விழுந்தால் என்ன தெரியப்போகிறது என்று அந்த யாரோ நினைத்திருக்கலாம். தெரிந்துவிட்டது. வீசிய கைக்கும் ஒற்றியெடுத்த கைக்கும் வித்தியாசம் அரைநூற்றாண்டு கழித்தும் மறையவில்லை. அதற்குமேல் யாரும் செருகுவதைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முழு டேக் என்று முடிவாயிற்று. பிசிறுகள் இருக்கின்றன, இருக்க வேண்டியவை.

பொல்லாக் என்றதும் ஜாஸ் ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’. 1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் பதிவாகி, 1961இல் அட்லாண்டிக் நிறுவனத்தில் வெளிவந்தது. அட்டையில் பொல்லாக்கின் ‘வைட் லைட்’. அந்த இசை அந்தப் படத்தைப் பார்த்து எழுந்தது அல்ல. பொல்லாக் ஆசையாகக் கேட்டதும் இப்படிப்பட்ட இசை அல்ல, லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன், கவுன்ட் பேஸி போன்றவர்களின் தட்டுகள்தான். நாள்கணக்கில் இரவும் பகலும் அவர் ஜாஸ் போட்டுக் கேட்டதை லீ கிராஸ்னர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1956இல் கார் விபத்தில் இறந்தவர், ‘ஃப்ரீ ஜாஸ்’ வருமுன்பே போய்விட்டார். இருந்தாலும் அந்த அட்டை பொருத்தமானது என்பேன். காரணம் பதிவுமுறை. எட்டுப் பேர், இரண்டு நால்வர் குழுக்கள். இடது ஒலிபெருக்கியில் கோல்மன், டான் செர்ரி, ஸ்காட் லஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ். வலதில் எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், சார்லி ஹேடன், எட் பிளாக்வெல். 37 நிமிடம் ஒரே மூச்சு. எந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டுமானாலும் உள்ளே போகலாம், நடு என்று ஒன்று கிடையாது. அன்று பதிவுசெய்த டாம் டவுட் எங்கள் தொழிலின் பெரிய ஆசான்களில் ஒருவர். டால்ஃபி அதே நாளில் தன்னுடைய ‘ஃபார் க்ரை’ ஆல்பத்தையும் பதிவுசெய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஓவியரின் கை மாறினால் பதிவும் மாற வேண்டும். கெர்ஹார்ட் ரிக்டர் பெயின்ட்டை வீசுபவர் அல்ல. ஈரமான அடுக்கின்மேல் அகலமான பட்டையை வைத்து இழுப்பார். மேலடுக்கு வழித்துக்கொண்டு போகும்போது அடியிலிருப்பது கிழிந்து எட்டிப்பார்க்கும். 1999இல் அலுமினியத் தகடுகளில் அப்படிச் செய்த எட்டுப் படங்களுக்கு அவருடைய வரிசை எண் 858. கிதார் கலைஞர் பில் ஃப்ரிசெல் அந்த எட்டுக்கும் எட்டுப் பகுதிகள் செய்தார். முதலில் 2002இல் ஒரு நூலோடும், 2005இல் ‘ரிக்டர் 858’ என்ற தனி ஆல்பமாகவும் வந்தது. கூட வாசித்தவர்கள் வயலின் ஜென்னி ஷைன்மன், வயோலா ஐவிண்ட் காங், செல்லோ ஹாங்க் ராபர்ட்ஸ். ஃப்ரிசெல் தான் வாசித்ததைக் கருவியில் பிடித்துச் சுழலவிட்டு அதன்மேலேயே வாசிப்பவர். தந்திகளின் மெல்லிய பரப்பை அவருடைய கிதார் கரகரவென்று வழித்துக்கொண்டு போகும்போது அடியிலிருந்து ஒரு பழைய சுரம் எட்டிப்பார்க்கும். இங்கே இடமும் வலமும் முக்கியமில்லை. அடுக்குதான் முக்கியம். என் இரண்டு ரிப்பன் மைக்குகள் இதற்கு உதவியிருக்காது.

சை ட்வாம்ப்ளியின் வரைபடங்களை வைத்து பியானோ கலைஞர் மைரா மெல்ஃபர்ட் 2022இல் கொண்டுவந்த ‘ஃபார் தி லவ் ஆஃப் ஃபயர் அண்ட் வாட்டர்’ ஆல்பத்தையும் இந்த வரிசையில் வைப்பேன். ட்வாம்ப்ளி ராணுவத்தில் இருந்தபோது கண்ணின் கட்டுப்பாட்டிலிருந்து கையை விடுவிக்க இருட்டில் வரைந்து பழகியவர். மெல்ஃபர்ட் முழங்கையாலும் முன்கையாலும் பியானோவைத் தொடுபவர். இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் விளக்கம் தேவையில்லை.

இந்த ஆல்பங்களைத் தேடிக் கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். இடதும் வலதும் அதில் ஒன்றாகக் கலக்கும்போது, எதிரெதிராகப் பதிந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். எங்கள் பதிவில் தலைவி பக்கவாட்டில் நின்று வாசித்த அந்தச் சுரம் அப்படிக் கேட்டால் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். இரண்டு ஒலிபெருக்கிகளை ஓர் ஆள் உயர இடைவெளி விட்டு வையுங்கள், அதே தூரத்தில் நடுவில் உட்காருங்கள். முதல்முறை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். ‘சேஸிங் பெயின்ட்’டிலிருந்து தொடங்குவது நல்லது.